எம்.ஜி.ஆருக்கு முன்னாடியே எம்.எல்.ஏ. ஆன நடிகர்! தேனி தேர்ந்தெடுத்த 'லட்சிய நடிகர்' எஸ்.எஸ்.ஆர் கதை

சினிமாவில் இருந்து அரசியலுக்கு வந்தவங்க பட்டியல் போடச் சொன்னா நீங்க யாரையெல்லாம் சொல்வீங்க? எம்.ஜி.ஆர், ஜெயலலிதா, விஜயகாந்த், கமல், விஜய்... பட்டியல் கடகடன்னு வந்துடும். சரி, அந்த வரிசையில் ஓட்டு வாங்கி ஜெயிச்ச முதல் ஆள் யார்?

பெரும்பாலானவங்க "எம்.ஜி.ஆர்"னுதான் சொல்வாங்க. ஆனா எம்.ஜி.ஆர் முதன்முதலா மக்கள் ஓட்டில் ஜெயிச்சது 1967-ல், பரங்கிமலைத் தொகுதியில். அதுக்கு 5 வருஷம் முன்னாடியே ஒரு நடிகர் தேர்தலில் நின்று ஜெயித்து, சட்டமன்றத்தில் உட்கார்ந்துட்டார். அவரை அனுப்பி வைத்தது சென்னையோ மதுரையோ இல்லை, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கும் தேனி!

அவர்தான் எஸ்.எஸ்.ராஜேந்திரன். சுருக்கமா, எஸ்.எஸ்.ஆர். உங்க தாத்தா, பாட்டியிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்க. "ஆஹா, என்ன தமிழ் உச்சரிப்பு!"ன்னு ஆரம்பிச்சுடுவாங்க. நமக்கோ பெயரே புதுசா இருக்கும். ஏன் இந்த இடைவெளி? பார்த்துடலாம்.

பள்ளிக்கூடம் மாதிரி ஒரு நாடகக் கம்பெனி

எஸ்.எஸ்.ஆரின் முழுப் பெயர் சேடப்பட்டி சூரியநாராயணன் ராஜேந்திரன். ஊர்ப் பெயர்தான் முதல் எழுத்து. 1928 ஜனவரியில் பிறந்தவர். சேடப்பட்டி இன்றைக்கும் மதுரை மாவட்டத்தில்தான் இருக்கு. அந்தப் பக்கத்தில் இருந்து உசிலம்பட்டி வந்து, ஆண்டிப்பட்டிக் கணவாயைத் தாண்டினா தேனி. அங்கிருந்து தெற்கே முல்லைப் பெரியாறு பாயும் கம்பம் பள்ளத்தாக்கு. அன்றைக்கு இந்தப் பகுதி முழுக்க மதுரை மாவட்டம்தான். தேனி தனி மாவட்டம் ஆனது 1996-ல்.

எஸ்.எஸ்.ஆர் சின்ன வயசிலேயே நாடகத்துக்குப் போனவர். அந்தக் காலத்தில் 'பாய்ஸ் கம்பெனி'ன்னு ஒண்ணு இருந்தது. பெயரைக் கேட்டா ஏதோ பேண்ட் மாதிரி இருக்கும். அது சின்னப் பையன்களை மட்டும் வெச்சு நாடகம் போடும் குழு. சாப்பாடு, தூக்கம், பாட்டு, வசனம், நடனம், அடி உதை எல்லாமே கம்பெனியில்தான். பெண் வேஷத்தையும் பையன்களே போடுவாங்க. அதுக்குப் பேர் 'ஸ்திரீபார்ட்'. கதாநாயகன் வேஷம் 'ராஜபார்ட்'. வளர்ற வயசில் குரல் உடைஞ்சா அதை 'மகரக்கட்டு'ன்னு சொல்வாங்க. நேற்று வரைக்கும் பாடின பையனுக்கு இன்னைக்குக் குரல் போயிடும். பல பேருக்கு வேஷமும் கூடவே போயிடும்.

எம்.ஜி.ஆர், சிவாஜி ரெண்டு பேருமே இப்படிப்பட்ட கம்பெனிகளில் வளர்ந்தவங்கதான். எஸ்.எஸ்.ஆர் போய்ச் சேர்ந்த முக்கியமான இடம், டி.கே.எஸ். சகோதரர்களின் நாடக சபை. தமிழ் நாடக உலகின் தந்தைன்னு சொல்லப்படும் சங்கரதாஸ் சுவாமிகளிடம் பாடம் கற்ற சகோதரர்கள் நடத்திய குழு இது. உங்களுக்குத் தெரிஞ்ச கணக்கில் சொல்லணும்னா, கமலின் 'அவ்வை சண்முகி' படத்தின் பெயருக்குப் பின்னால் இருப்பவர் இந்தச் சகோதரர்களில் ஒருவரான டி.கே.சண்முகம். ஔவையாராகப் பெண் வேஷம் போட்டுப் புகழ்பெற்றதால் அவருக்கு 'அவ்வை' என்பதே அடைமொழி ஆச்சு.

என்.எஸ்.கிருஷ்ணன், கே.ஆர்.ராமசாமி, எஸ்.வி.சகஸ்ரநாமம், பிறகு 'திருவிளையாடல்' எடுத்த ஏ.பி.நாகராஜன் எல்லாரும் இந்த சபையில் இருந்து வந்தவங்கதான். இந்தக் கடைசிப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இந்தப் பயிற்சி என்ன கொடுத்தது? குரல். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கிறவருக்கும் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாப் போய்ச் சேரணும். ல, ள, ழ மூணும் தனித்தனியாக் கேட்கணும். மூச்சை எங்கே எடுக்கணும், எங்கே நிறுத்தணும்னு உடம்புக்கே தெரியணும். எஸ்.எஸ்.ஆரின் வசனத்தைக் கேட்டா இந்தப் பயிற்சி அப்படியே தெரியும். சிவாஜி மாதிரி ஏறி இறங்கி இடி முழக்கமா இருக்காது. நிதானமா, தெளிவா, ஒரு எழுத்தும் சிந்தாம வரும்.

ஹீரோவுக்குப் பக்கத்தில் நின்ற ஹீரோ

1952 தீபாவளிக்கு வந்த 'பராசக்தி' சிவாஜியின் முதல் படம்னு எல்லாருக்கும் தெரியும். அந்தக் கோர்ட் சீன் வசனத்தை ரீல்ஸில்கூடப் பார்த்திருப்பீங்க. அதே படத்தில் மூணு அண்ணன் தம்பிகளில் ஒருவராக, போரால் ஒரு காலை இழந்து பிச்சைக்காரர்களோடு சேர்ந்து வாழும் ஞானசேகரனாக வருபவர் எஸ்.எஸ்.ஆர். கதையின் கோபமெல்லாம் சிவாஜியிடம் இருக்கும். கதையின் வலியில் பாதி இவரிடம் இருக்கும்.

அடுத்து 1954-ல் 'ரத்தக்கண்ணீர்'. எம்.ஆர்.ராதா டெம்ப்ளேட் இல்லாத மீம் பக்கமே கிடையாது. படம் முழுக்க ராதா ஆடித் தீர்க்கும்போது, எதிரில் பொறுமையா நின்று, அவர் பேச்சுக்கெல்லாம் தாக்குப்பிடிக்கும் நண்பன் பாலு யார்? எஸ்.எஸ்.ஆர்தான். கடைசியில் ராதா தன் மனைவியையே மறுமணம் செய்துகொள்ளச் சொல்வது இவரிடம்தான். எழுபது வருஷத்துக்கு முந்தைய படத்தில் அப்படி ஒரு முடிவு!

1956-ல் அண்ணாவின் கதையான 'ரங்கோன் ராதா'வில் இவர் சிவாஜிக்கு மகனாக நடிச்சார். ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. இன்றைக்கு எந்த ஹீரோவாவது சம வயசு ஹீரோவுக்கு மகனாக நடிக்க ஒத்துப்பாரா, யோசிச்சுப் பாருங்க.

தனி ஹீரோவாகவும் ஜெயிக்காமல் இல்லை. 1957-ல் 'முதலாளி'. ஏரிக்கரையில் போகும் பெண்ணைப் பார்த்து டி.எம்.எஸ் குரலில் ஒரு பாட்டு வருமே, அந்தப் படம். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதுச் சான்றிதழ் பெற்றது. 1958 பொங்கலுக்கு 'தை பிறந்தால் வழி பிறக்கும்', பெரிய வெற்றி. 1959-ல் கண்ணதாசன் தயாரித்த 'சிவகங்கைச் சீமை'. இந்தப் படத்துக்காகத்தான் அதே வருஷம் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தின் வெள்ளையத்தேவன் வேஷத்தை இவர் விட்டுக்கொடுத்தார். ஒத்துக்கொண்ட படத்தை விட்டுட்டு வர முடியாதுங்கிறதுதான் காரணம். அந்த வேஷத்தில் ஜெமினி கணேசன் நடிச்சு, அது அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது.

'லட்சிய நடிகர்'... எதுக்கு அந்தப் பட்டம்?

அந்தக் காலத்தில் எல்லா நடிகருக்கும் ஒரு பட்டம் உண்டு. 'நடிகர் திலகம்' நடிப்புக்கு, 'காதல் மன்னன்' காதலுக்கு. எஸ்.எஸ்.ஆரின் 'லட்சிய நடிகர்' பட்டம் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். அவர் நடிச்சதுக்காக வந்ததுங்கிறதைவிட, நடிக்க மாட்டேன்னு சொன்னதுக்காக வந்ததுன்னுதான் சொல்லணும்.

எஸ்.எஸ்.ஆர் திராவிட இயக்கத்துக்காரர். அண்ணாவின் தி.மு.க.வில் தீவிரமா இருந்தவர். அந்தக் கொள்கைப்படி, புராணப் படங்களில் நடிப்பதில்லை என்று முடிவு எடுத்தார். கேட்க சின்ன விஷயம் மாதிரி தெரியும். அதன் விலை என்னன்னு பார்த்தாதான் புரியும்.

தமிழ் சினிமாவில் புராணம் என்பது அப்போ ஒரு தனி மார்க்கெட். 1956 வாக்கில் தி.மு.க. வட்டாரத்தில் இருந்து விலகிய சிவாஜி, 1958-ல் 'சம்பூர்ண ராமாயண'த்தில் பரதனா நடிச்சார். 1965-ல் 'திருவிளையாடல்' வந்தது. அடுத்த ரெண்டு வருஷத்தில் 'சரஸ்வதி சபதம்', 'திருவருட்செல்வர்'. இந்த அலையை உருவாக்கிய இயக்குநர் யார்? மேலே ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, அதே ஏ.பி.நாகராஜன்! எஸ்.எஸ்.ஆர் வளர்ந்த அதே டி.கே.எஸ். சபை மாணவர். நீளமான தமிழ் வசனம், மேடைப் பயிற்சி உள்ள குரல், ராஜபார்ட் நிமிர்வு என எஸ்.எஸ்.ஆருக்குக் கைவந்த எல்லாமும் தேவைப்பட்ட படங்கள் அவை. அந்தக் கதவை அவர் தானே சாத்திக்கிட்டவர்.

அவருக்கு மிச்சம் இருந்தது சமூகப் படங்களும், இலக்கிய, சரித்திரக் கதைகளும். 1964-ல் சிலப்பதிகாரத்தை வெச்சு கருணாநிதி எழுதிய 'பூம்புகார்' படத்தில் கோவலன் இவர்தான், கண்ணகி விஜயகுமாரி. அவர் நடிச்ச பெரிய காப்பியப் படம் அதுதான். தப்பு செய்து, திருந்தி, தீர விசாரிக்காத தீர்ப்பில் சாகும் ஒரு சாதாரண மனுஷனின் கதை.

சினிமா வந்த பிறகும் மேடை

சினிமாவில் பிஸியான பிறகு பல பேர் நாடகத்தை விட்டுட்டாங்க. எஸ்.எஸ்.ஆர் சொந்தமா 'எஸ்.எஸ்.ஆர். நாடக மன்றம்' நடத்தினார். கருணாநிதியின் 'மணிமகுடம்' அங்கே மேடையேறியது. பிறகு 1966-ல் அதே கதையை எஸ்.எஸ்.ஆரே இயக்கிப் படமாகவும் எடுத்தார். அவர் இயக்கியதில் 1960-ல் வந்த 'தங்க ரத்தினம்' இன்னொண்ணு.

அந்த நாடக மன்றத்தில் இருந்து வந்தவங்களில் ரெண்டு பேரை மட்டும் சொன்னா போதும். ஒருவர் மனோரமா, நம்ம 'ஆச்சி'. இன்னொருவர் ஷீலா, பிறகு மலையாள சினிமாவின் உச்ச நட்சத்திரம். 'சந்திரமுகி'யில் அகிலாண்டேஸ்வரியா மிரட்டுவாரே, அவரேதான். சின்ன வயசில் பாய்ஸ் கம்பெனியில் தான் வாங்கியதை எஸ்.எஸ்.ஆர் இந்த மன்றத்தின் வழியா அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்.

1962: தேனி என்ன செய்தது?

இப்போ மெயின் கதைக்கு வருவோம். 1962 சட்டமன்றத் தேர்தல். முதலமைச்சர் காமராஜர். 206 இடங்களில் காங்கிரஸ் 139-ஐப் பிடிச்சது. முந்தைய தேர்தலில் 15 இடம் வாங்கியிருந்த தி.மு.க. 50-க்கு வளர்ந்தது. ஆனா கட்சித் தலைவர் அண்ணா காஞ்சிபுரத்தில் தோத்துப் போனார்.

தலைவரே தோத்த அந்தத் தேர்தலில், தேனியில் உதயசூரியன் சின்னத்தில் நின்ற 34 வயசு நடிகர் ஜெயிச்சார்.

எப்படி? தேனியின் அமைப்பைப் பார்த்தா பாதி புரியும். போடி மலையில் இருந்து ஏலக்காய், கம்பம் பக்கத்தில் இருந்து நெல், சுத்துப்பட்டில் இருந்து பருத்தி எல்லாம் வந்து சேரும் சந்தை ஊர் அது. பெரியகுளம், போடி, கம்பம், மதுரைச் சாலைகள் சந்திக்கும் இடம். சேதியும் பேச்சும் வேகமாப் பரவும். டி.வி. கிடையாது. டூரிங் டாக்கீஸ்ல மணல் குவிச்சு உட்கார்ந்து பார்த்த படம், கட்சி மேடையில் கேட்ட பேச்சு, திருவிழாவில் விடிய விடியப் பார்த்த நாடகம்... இவைதான் மக்களுக்கு மீடியா.

கூடவே இது மேடைக்குப் பழகின பூமி. பண்ணைப்புரத்துக்காரரான பாவலர் வரதராஜன் தம்பிகளோடு பொதுவுடைமை மேடைகளில் பாடினார். போடிக்கு மேலே மலையில் இருக்கும் தேவிகுளத்தில் 1958-ல் நடந்த இடைத்தேர்தல் பிரசாரத்திலும் அவர் பாட்டு ஒலித்தது. அந்தத் தம்பிகளில் ஒருவர்தான் இளையராஜா. பாட்டும் நாடகமும் ஓட்டுக் கேட்கும் கருவிங்கிறது இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதுசு இல்லை.

தி.மு.க.வும் நாடகத்தாலும் சினிமாவாலும் வளர்ந்த கட்சி. அண்ணாவே நாடகம் எழுதி நடிச்சவர். ஆனா அதுவரைக்கும் நடிகர்களின் முக்கியமான வேலை கூட்டம் சேர்ப்பது, பிரசாரம் செய்வது, நிதி திரட்டுவது. வேட்பாளரா நின்று, 'எனக்கே ஓட்டுப் போடுங்க'ன்னு கேட்டு ஒரு முன்னணி நடிகர் ஜெயிச்சுக் காட்டியது தேனியில்தான். மேடையில் கேட்ட குரல் ஓட்டா மாறும் என்பதுக்கு அது முதல் பெரிய சாட்சி. எம்.ஜி.ஆர் அதே 1962-ல் மேலவை உறுப்பினர் ஆனார். மக்கள் ஓட்டில் நின்று ஜெயிக்க 1967 வரை ஆச்சு.

இன்னொரு விஷயம். எம்.எல்.ஏ. ஆனதும் எஸ்.எஸ்.ஆர் நடிப்பை விட்டுடலை. 'நானும் ஒரு பெண்', 'பூம்புகார்', 'கை கொடுத்த தெய்வம்', 'சாந்தி' எல்லாம் அவர் தேனி எம்.எல்.ஏ.வா இருந்த அதே 5 வருஷத்தில் வந்தவை.

'முதல்'னா எதில் முதல்?

"உலகத்திலேயே மக்கள் தேர்ந்தெடுத்த முதல் நடிகர் எஸ்.எஸ்.ஆர்"னு சில பதிவுகளைப் பார்த்திருக்கலாம். ஷேர் பண்றதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுங்க. ஹெலன் கஹகன் டக்ளஸ் என்ற அமெரிக்க நடிகை 1944-லேயே கலிஃபோர்னியாவில் ஜெயிச்சு நாடாளுமன்றம் போயிட்டார். ஆக, உலகக் கணக்கு சரி இல்லை.

இந்தியக் கணக்கு வேற. சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் சினிமாக்காரர்னா கே.பி.சுந்தராம்பாளைச் சொல்லணும். 1950-களின் தொடக்கத்திலேயே அவர் சென்னை மாகாண மேலவையில் இருந்தார். இந்தி நடிகர் பிரித்விராஜ் கபூர் 1952-ல் மாநிலங்களவைக்குப் போனார். இவங்க ரெண்டு பேரும் நியமனம் பெற்றவங்க. பொதுத்தேர்தலில் மக்களிடம் ஓட்டு வாங்கி சட்டமன்றம் போன இந்தியாவின் முதல் சினிமா நடிகர்னு பரவலா ஏற்கப்படுபவர் எஸ்.எஸ்.ஆர்தான்.

ஹாலிவுட் நடிகர் ரொனால்டு ரீகன் கலிஃபோர்னியா ஆளுநர் தேர்தலில் ஜெயிச்சது 1966-ல். தேனி மக்கள் அந்த முடிவை 4 வருஷம் முன்னாடியே எடுத்துட்டாங்க!

ஆண்டிப்பட்டி கனெக்‌ஷன்

எஸ்.எஸ்.ஆர் 1970 முதல் 1976 வரை மாநிலங்களவை உறுப்பினரா இருந்தார். பிறகு எம்.ஜி.ஆரின் அ.தி.மு.க.வுக்கு வந்து, 1980-ல் மறுபடியும் சட்டமன்றம் போனார். தொகுதி? தேனிக்குப் பக்கத்து ஆண்டிப்பட்டி.

அதுக்கப்புறம் நடந்ததுதான் சுவாரஸ்யம். 1984-ல் அதே ஆண்டிப்பட்டியில் எம்.ஜி.ஆர் நின்று, அமெரிக்க மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்தபடியே ஜெயிச்சார். 2002 இடைத்தேர்தலிலும் 2006-லும் அதே ஆண்டிப்பட்டியில் ஜெயலலிதா ஜெயிச்சார். அவர் முதன்முதலா சட்டமன்றத்துக்குத் தேர்வானதும் இதே வட்டாரத்தில்தான், 1989-ல் போடிநாயக்கனூரில். அங்கே அவரை எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் 'வெண்ணிற ஆடை' நிர்மலா. எஸ்.எஸ்.ஆர் இயக்கிய 'மணிமகுடம்' படத்தில் ஜெயலலிதா நடிச்சிருக்கார் என்பது கூடுதல் தகவல்.

தமிழ்நாட்டின் சினிமா அரசியலுக்கு ஒரு வரைபடம் போட்டா, இந்தச் சின்னப் பள்ளத்தாக்கில் இத்தனை புள்ளிகள் விழும். முதல் புள்ளி 1962.

அப்புறம் ஏன் மறந்தோம்?

ஒரு காரணம், ரசிகர் கணக்கு. எம்.ஜி.ஆருக்கு ஒரு படை, சிவாஜிக்கு ஒரு படை. எஸ்.எஸ்.ஆரோ ரெண்டு பேரோடும் சேர்ந்து நடிச்சார். 'ராஜா தேசிங்கு', 'காஞ்சித் தலைவன்' எம்.ஜி.ஆரோடு, 'ஆலயமணி', 'சாந்தி' சிவாஜியோடு. தனக்குன்னு ஒரு சூப்பர்மேன் பிம்பத்தை அவர் கட்டிக்கலை. ஏழை, தவறு செய்த கணவன், விட்டுக்கொடுக்கும் நண்பன்னு சாதாரண மனுஷங்களாவே நடிச்சார். அப்படிப்பட்ட வேஷங்களுக்குக் கைதட்டல் வரும், கட்-அவுட் வராது.

இன்னொரு காரணம், நாம மேலே பார்த்த அந்த 'மாட்டேன்'. இன்றைக்கு டி.வி.யில் பண்டிகை நாள் வந்தா புராணப் படங்கள் திரும்பத் திரும்ப ஓடும். அதன் வழியா அந்த நடிகர்கள் ஒவ்வொரு தலைமுறையிடமும் புதுசா அறிமுகம் ஆவாங்க. அந்த வாய்ப்பு எஸ்.எஸ்.ஆருக்குக் கிடையாது. கொள்கைக்கு அவர் கொடுத்த விலை வாழ்ந்த காலத்தோட முடியலை, இன்னும் நடந்துட்டே இருக்கு.

அவர் முடிவோடு நீங்க ஒத்துப்போகணும்னு அவசியம் இல்லை. புராணப் படங்களை ரசிச்சுப் பார்க்கிறவங்க நம்மில் நிறையப் பேர். ஆனா மார்க்கெட் உச்சத்தில் இருக்கும்போது, பணமும் புகழும் எந்தப் பக்கம்னு தெரிஞ்சே வேற பக்கம் நின்ற ஒருவரை, பட்டத்தோட அர்த்தம் தெரிஞ்சு ஞாபகம் வெச்சுக்கலாம்தானே?

எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

பழைய படம்னா பயப்படுறவங்களுக்கு ஒரு குட்டி லிஸ்ட்:

* ரத்தக்கண்ணீர் (1954): ராதாவுக்காகப் பாருங்க. ஆனா இந்தத் தடவை அவர் பேசும்போது பாலுவின் முகத்தைக் கவனிங்க.
* முதலாளி (1957): ஜாலியான, பாட்டுகள் நிறைந்த எஸ்.எஸ்.ஆர்.
* சாரதா (1962): தாம்பத்தியம் இயலாமல் போன கணவன், மனைவியின் எதிர்காலத்தைப் பற்றி யோசிக்கும் கதை. அந்தக் காலத்துக்கு ரொம்பத் துணிச்சல்.
* நானும் ஒரு பெண் (1963): கறுப்பு நிறத்துக்காக ஒரு பெண் படும் பாடு. தேசிய விருது பெற்ற தமிழ்ப் படம். ஃபேர்னெஸ் க்ரீம் விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இன்னும் சுடும்.
* பூம்புகார் (1964): தமிழ் உச்சரிப்புக்காக மட்டுமே ஒரு தடவை. கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாலும் நஷ்டம் இல்லை.

படிக்க விரும்புறவங்களுக்கு, 'நான் வந்த பாதை' என்ற அவருடைய தன்வரலாறு இருக்கு.

2014 அக்டோபர் 24 அன்று சென்னையில், 86 வயசில் எஸ்.எஸ்.ஆர் காலமானார். அவரைத் தேர்ந்தெடுத்த தேனி சட்டமன்றத் தொகுதி இப்போ இல்லை. தொகுதி மறுசீரமைப்பில் அது கலைக்கப்பட்டு, 2011 தேர்தலில் இருந்து மாவட்டத்தில் ஆண்டிப்பட்டி, பெரியகுளம், போடி, கம்பம் என நான்குதான். நடிகரும் இல்லை, தொகுதியும் இல்லை. ஆனா ஒவ்வொரு தேர்தலிலும் "எந்த நடிகர் எங்கே நிற்கப் போறார்?"னு நாம கேட்கிற கேள்வி மட்டும் இருக்கு. அடுத்த தடவை அந்தக் கேள்வி உங்க டைம்லைனில் வரும்போது, கமென்ட்டில் "1962, தேனி"ன்னு போடுங்க. பதில் கேட்டு வர்றவங்களுக்குச் சொல்ல உங்ககிட்ட இப்போ கதை இருக்கு.